மருந்து ஏறாத உடம்பு

முலாம்காரர் இறந்த அன்று பிற்பகல், உடம்பைப் பதப்படுத்துவதற்காகக் கழுத்து நாளம் வழியே தனக்கு ஏற்றப்பட்ட எட்டு லிட்டர் மருந்தையும் ஒரு சொட்டுக் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். ஏற்றுவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. திரும்பி வர ஆறு நிமிடம். போன வழியாகவே, அதே குழாயில் ஏறி, அதே கண்ணாடித் தொட்டியில் வந்து நின்றது. நிறம் மாறவில்லை, ரத்தம் கலக்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண் பம்பை அணைத்தார், வாஷரைக் கழற்றிப் பார்த்தார், புதிதாக ஒன்றைப் போட்டு மறுபடி ஏற்றினார். மறுபடி வந்தது. தொடையில் இன்னொரு நாளத்தைத் திறந்து அந்த வழியாக முயன்றார். அதுவும் வந்தது. பதினேழு வருடங்களில் ஆயிரத்து இருநூறு உடம்புகளுக்கு மேல் பார்த்தவர் அவர். கசிந்த உடம்பு உண்டு, அடைத்துக்கொண்ட உடம்பு உண்டு, வேண்டாம் என்று சொன்ன உடம்பை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அந்தப் பெண்ணை ஊரில் எல்லோரும் மருந்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அரசு மருத்துவமனையின் பின்மதிலை ஒட்டி அவருக்கு இரண்டு அறைகள் இருந்தன. முன்னறையில் ஆறு நாற்காலிகளும் ஒரு மேசை விசிறியும் வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீரும். பின்னறையில் வெள்ளை ஓடு பதித்த தரை, கால்மாட்டுப் பக்கம் சற்றே சரிந்த எஃகு மேசை, அதற்கு நேர் கீழே தண்ணீர் போக ஒரு குழி. ஃபார்மலின் வாடை தலைமுடிவரை ஊறிப்போயிருந்ததால் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். கால் நீட்டிக்கொள்ள வசதி என்பார். வருகிற எந்தக் குடும்பத்திடமும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: யாருக்காக? கடல் தாண்டிய ஊரிலிருந்து மகன் வந்து சேர வேண்டும் என்பார்கள். விமானத்தில் கொண்டுபோக வேண்டும், மருந்தேற்றாமல் ஏற்றமாட்டேன் என்கிறார்கள் என்பார்கள். லாரியில் சிக்கிய முகத்தை, பெற்றவள் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. மனைவியை இழந்த ஒருவர், தனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் வந்துவிடும், அதற்காக என்றார். இவை எல்லாமே மருந்தக்காவுக்கு நியாயமான காரணங்கள். எல்லோரும் செய்கிறார்கள், அதனால் நாமும் என்று சொல்கிறவர்களை மட்டும், ஐஸ் பெட்டி போதும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

முலாம்காரர் விஷயத்தில் பதில் தெளிவாக இருந்தது: மகளுக்காக. ஒரே மகள், சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். அப்பா இறந்த சேதி போனபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. கரை சேர இன்னும் பத்தொன்பது நாள். அதற்குப் பிறகு இரண்டு விமானம், ஒரு ரயில். முகத்தைப் பார்க்காமல் அடக்கம் செய்துவிடாதீர்கள் என்று அவள் கப்பலின் ஃபோனில் சொன்னபோது காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

முலாம்காரர் இருபத்திரண்டு வருடமாகக் குழாய்த் தலைகளுக்கும் கதவுப்பிடிகளுக்கும் துண்டு போடும் கம்பிகளுக்கும் முலாம் பூசியவர். இந்த ஊரில் குளியலறைக் குழாயைத் திறக்கிற யாரும் தங்கள் முகத்தை அவர் செய்த பளபளப்பில்தான் பார்க்கிறார்கள். வாழ்நாளில் ஒருவருக்கும் வேண்டாம் என்றோ முடியாது என்றோ சொல்லாத மனிதர். கூடுதல் ஷிப்டு என்றால் சரி, விடுமுறை இல்லை என்றால் சரி. முலாம் தொட்டிகளுக்கு மேலே விஷக்காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய விசிறி ஐந்து மாதத்துக்கு முன் நின்றுபோனது. அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று மேலாளர் சொன்னார். அதற்கும் சரி. அடுத்த வாரம் இருபது முறை வந்துபோனது. ஆட்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு முலாம்காரர் மூன்றாம் தொட்டியின் மேல் குனிந்தார், நிமிரவில்லை. கம்பெனி டாக்டர் வந்தார், சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் மாரடைப்பு என்று எழுதினார், போனார். ஒரு மணிக்கெல்லாம் மேலாளரே கம்பெனி காரில், முலாம்காரரின் மனைவி இஸ்திரி போடும் சலவை நிலையத்துக்கு வந்துவிட்டார்.

அவ்வளவு மரியாதையான மேலாளரை அந்த அம்மா அதற்கு முன் பார்த்ததில்லை. காரின் கதவை அவரே திறந்துவிட்டார். நீங்கள் எதற்கும் அலைய வேண்டாம், எல்லாவற்றையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும், மகள் வரும்வரை முகம் வாடாமல் இருக்க இன்றைக்கே மருந்தேற்றிவிடலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். மருந்தக்காவின் முன்னறையில் நின்றுகொண்டு, ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரைக் காட்டி, தூங்குகிறவர் மாதிரி இருக்கிறார், கன்னம் எப்படிச் சிவந்திருக்கிறது பாருங்கள் என்று ஆறுதலும் சொன்னார். துக்கத்தில் அந்த அம்மா அதற்கும் தலையாட்டினார். தன் புருஷன் நல்ல கறுப்பு என்பதும், கல்யாணத்தன்று கூட அந்தக் கன்னம் சிவந்ததில்லை என்பதும் அவருக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மருந்தக்காவுக்கு அதற்குச் சற்று முன்பே உறைத்துவிட்டது. மூன்றாம் முறையும் மருந்து திரும்பி வந்தபிறகு அவர் பம்பை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். நகக்கண் சிவப்பு. காது மடலின் பின்புறம் சிவப்பு. ஒருக்களித்துப் புரட்டினால், ரத்தம் இறங்கிக் கருநீலமாக இருக்க வேண்டிய முதுகு, புதுச் செங்கல் மாதிரி சிவந்து கிடந்தது. மாரடைப்பில் போனவர்கள் இந்த நிறத்தில் வருவதில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு முன்னறைக்கு வந்து, மேலாளர் வெளியே ஃபோனில் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், பதறாம கேளு. இந்த மருந்து முகத்தைக் காப்பாத்தும். அது உண்மை. ஆனா உள்ள என்ன இருந்ததோ, அதைத் தடமே இல்லாம அழிச்சிடும். ஏத்தின பிறகு எந்த டாக்டர் வந்து ரத்தம் எடுத்தாலும் ஒண்ணும் தெரியாது. இது மாரடைப்பு இல்ல.”

மருந்து ஏற்றினால் மகள் முகத்தைப் பார்ப்பாள், ஆனால் செத்தது எப்படி என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஏற்றாவிட்டால் தெரியும், ஆனால் இந்த வெயிலில் பத்தொன்பது நாளில் மகள் பார்க்க முகம் இருக்காது. ஒரு குடும்பத்தின் முன்னால் இப்படி ஒரு தேர்வை வைத்துவிட்டு ஒருவர் வாசலில் நின்று ஃபோனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார் என்பதை இந்த ஊர் மறக்கக் கூடாது. கடைசியில் அந்த அம்மா எழுந்து பின்னறைக்குப் போனார். தொட்டியில் நிரம்பி நின்ற மருந்தைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

“அவரே வேண்டாம்னு சொல்லிட்டாரு. நான் எப்படி வேணும்னு சொல்ல?” என்றார்.

மருந்தக்கா மருந்தை வடித்துவிட்டு, பம்பைத் துணியால் மூடிவைத்தார். மேலாளருக்குச் சொல்லப்பட்டது. அவருடைய மரியாதை அந்த நிமிடமே காரில் ஏறிப் போய்விட்டது.

அடுத்து நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பிரேதப் பரிசோதனை செய்யுங்கள் என்று கேட்டபோது, போலீஸ் கடிதம் வேண்டும் என்றது மருத்துவமனை. டாக்டரே மாரடைப்பு என்று எழுதியபிறகு எங்களுக்கு என்ன வேலை, தொழிற்சாலை ஆய்வாளர் எழுதித் தரட்டும் என்றது போலீஸ். ஆய்வாளர் விடுப்பில் இருந்தார். விடுப்பு முடிந்து வந்தபோது கூட்டத்தில் இருந்தார். கூட்டம் முடிந்து வந்தபோது சாப்பிடப் போயிருந்தார். அந்த அம்மா காலையில் சலவை நிலையத்தில் நூறு உருப்படி இஸ்திரி போட்டுவிட்டு, பகலில் ஆய்வாளர் அலுவலகத்து மரப் பெஞ்சில் போய் உட்காருவார். விரல்களில் பழைய சூட்டுத் தழும்புகள். அவரை அங்கே கடந்துபோன குமாஸ்தாக்கள் எல்லோரும் கண்ணியமானவர்கள். ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்த்துவிடவில்லை.

முலாம்காரர் மேசையில் கிடந்தார். மருந்தக்காவிடம் இருந்த ஒரே ஐஸ் பெட்டியில் வேறொருவர் இருந்தார். அவர் போனபிறகும் இவரை அதில் வைக்கத் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் வயிறு உப்பவில்லை. ஐந்தாம் நாள் தோல் உரியவில்லை. ஈக்கள் ஜன்னல்வரை வந்து, சற்று உட்கார்ந்துவிட்டு, வந்த வழியே போயின. தினமும் காலையில் மருந்தக்கா சோப்புத் தண்ணீரில் பஞ்சு நனைத்து அவரைத் துடைப்பார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்ப்பார். மத்தியானத் தூக்கத்தில் இருப்பவரின் கையைப்போல மடங்கும். செங்கல் சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதைத்தான் அவர் பிடித்துவைத்திருந்தார் என்று இப்போது ஊரில் சொல்கிறார்கள். அப்போது யாரும் அப்படிச் சொல்லவில்லை. கெட்டுப்போகவில்லை என்று மட்டும் சொன்னார்கள், இன்றைக்கு மழை இல்லை என்பதுபோல.

மூன்றாம் நாளே கொழுந்தன் வந்தார். முலாம்காரரின் ஒரே தம்பி, அதே தொழிற்சாலையில் மெருகு போடுகிறவர். வாசலில் செருப்பை விட்டுவிட்டு அரைமணி நேரம் வெளியிலேயே நின்றார். உள்ளே வந்ததும், மருந்தை ஏற்றிவிடுங்கள், அண்ணன் இனி திரும்பி வரப்போவதில்லை, தனக்கு இரண்டு பிள்ளைகள், வேலை போனால் தெருவில்தான் நிற்க வேண்டும் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். அந்த அம்மா அவரைத் திட்டவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் மேசையின் தலைமாட்டில் போட்டு, “உக்காரு தம்பி. இதை அவர்கிட்டயே சொல்லு,” என்றார். கொழுந்தன் உட்கார்ந்தார், சொல்லவில்லை, எழுந்து போனார். செருப்பை மறந்துவிட்டு வெறுங்காலோடு போனதாக எதிர்க்கடைக்காரர் சொல்கிறார்.

ஆறாம் நாள் நகராட்சி சுகாதார அதிகாரி அனுப்பப்பட்டார். பிணத்தை அடக்கம் செய்யாமல் வைத்திருப்பதால் ஊருக்கு நோய் பரவும் என்று கம்பெனி புகார் கொடுத்திருந்தது. இருபது வருடமாக அந்தத் தொழிற்சாலையின் கழிவு பச்சை நிறத்தில் ஓடுகிற வாய்க்காலைத் தாண்டித்தான் அவர் வந்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தார், ஒரு விரலை விலக்கினார், பிறகு எல்லா விரல்களையும் விலக்கினார். கெட்ட மனிதர் அல்ல. நேரில் பார்த்ததை மட்டும் எழுதுகிறவர். நாற்றம் இல்லை, அழுகல் இல்லை, காரணம் தெரியவில்லை என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் தெரியவில்லை என்று எழுதப்பட்ட எந்தக் காகிதமும் எல்லாத் துறைகளுக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதியை எழுதியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

நகல்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கையில், கம்பெனி எங்கிருந்தோ ஒரு உத்தரவு வாங்கி, பெருநகரத்திலிருந்து வேறொரு பதப்படுத்துநரை வேனில் வரவழைத்தது. அது ஒன்பதாம் நாள். வந்தவர் கோட்டு போட்டிருந்தார். அவருடைய பம்பு மருந்தக்காவின் பம்பைவிட மூன்று மடங்கு பெரியது, அழுத்தம் காட்டும் முள் வைத்தது. மருந்தக்கா கதவை அகலத் திறந்துவிட்டு, முயற்சி பண்ணுங்கள் என்று ஒதுங்கி நின்றார். மேலாளர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு லிட்டர் ஏறியது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது, இது போதும் என்று கோட்டுக்காரர் சொன்னார். மேலாளர் குனிந்து, நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்போலப் பன்னிரண்டு லிட்டரும் வந்தது. இந்த முறை குழாய் வழியாக வரவில்லை. மேலாளரின் சட்டை, காற்சட்டை, காலணி எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, மீதி குழிக்குள் போனது. கோட்டுக்காரர் நேர்மையானவர், உடம்புக்கு விருப்பமில்லை என்று ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்.

அந்தச் சட்டை மறுநாள் சலவை நிலையத்துக்கு வந்தது. மூன்று முறை துவைத்தும் வாடை போகவில்லை என்று ஒரு சீட்டு குத்தி அந்த அம்மாவின் மேசைக்கு அனுப்பினார்கள். அவருக்கு யாருடைய சட்டை என்று தெரிந்தது. நல்ல சட்டை. மேசையில் விரித்தார், காலரை நீவினார், முதுகுப்பக்கம் திருப்பினார், சூடேறிய இஸ்திரிப் பெட்டியை நடுமுதுகில் நிறுத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அவசரமில்லாமல் இரண்டு தம்ளர் குடித்தார்.

அன்று வேலை முடிந்து வந்தவர் நேராகப் பின்னறைக்குப் போய்ப் புருஷனிடம் சண்டை போட்டார். மருந்தக்கா முன்னறைக்கு நகர்ந்து மேசை விசிறியைப் போட்டுக்கொண்டார். ஆனாலும் கேட்டது.

“இந்த வேண்டாம்ங்கிற வார்த்தையை அஞ்சு மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு தடவை. விசிறி ஓடாம உள்ள போகமாட்டேன்னு. எல்லாருக்கும் சரி சரின்னு சொல்லிச் சொல்லி, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டீங்க. இப்ப யாருக்காக இந்த வீம்பு?”

முலாம்காரர் பதில் சொல்லவில்லை. இறந்தவர் அல்லவா. அந்த அம்மா கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அவருடைய காலில் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

நகல் ஒன்று ஆய்வாளரின் மேலதிகாரிக்குப் போய், அங்கிருந்து ஒரு வரிக் கேள்வியோடு ஆய்வாளரிடம் திரும்பி வந்தது. பதினைந்தாம் நாள் அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே மேலாளரும் கம்பெனி டாக்டரும். அதற்குள் ஊர் வாசலில் கூடியிருந்தது. ஷிப்டு முடிந்த தொழிற்சாலை ஆட்கள் மதிலோரம் வரிசையாக நின்றார்கள். ஆய்வாளர் உடம்பைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். மூன்று மாதம் முன்னால் தானே நேரில் போய்ச் சோதித்ததாகவும், விசிறி நல்ல நிலையில் ஓடுவதாகவும் அதில் தன் கையெழுத்து இருப்பதாகவும் சொன்னார். நேரில் போனது மேலாளரின் அறைவரை என்பது மதிலோரம் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோப்பு மூடப்படும் சத்தம் கேட்டது. அப்போது கொழுந்தன் வரிசையிலிருந்து பிரிந்து உள்ளே வந்தார். மேசையின் தலைமாட்டில் இன்னும் கிடந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆய்வாளரைப் பார்க்காமல், அண்ணனைப் பார்த்தே பேசினார்.

“விசிறி ஓடல. அஞ்சு மாசமா ஓடல. அன்னைக்கு உன்னத் தூக்கி வெளிய போட்டது நான்தான். உன் வாய்ல அந்தத் தொட்டி வாடை இருந்துச்சு. டீ குடிக்கும்போது விழுந்தார்னு சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன். பொய் சொல்லிட்டேண்ணா.”

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மதிலோரம் நின்ற இன்னொருவர், ஓடவில்லை என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் சொன்னார். பிறகு அது நாற்பத்திரண்டு குரல்கள்வரை போனது. கத்தவில்லை, ஆளுக்கொரு தடவை, வருகைப் பதிவுக்குப் பெயர் சொல்வதுபோலச் சொன்னார்கள். ஆய்வாளர் மூடிய கோப்பைத் திறந்தார். அவருடைய மனசாட்சி அன்று விழித்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாற்பத்திரண்டு பேரை எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான் என்பது மருந்தக்காவின் கருத்து.

ரத்தம் எடுக்க அரசு மருத்துவர் வந்தார். இந்த விஷம் ரத்தத்தில் நெடுநாள் தங்காது, பதினைந்து நாள் கழித்து எடுத்தால் ஒன்றுமே கிடைக்காது, உங்களுக்கு வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை என்று அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஊசியைக் குத்தினார். உயிருள்ளவரிடமிருந்து வருவதுபோல வந்தது, சூடாக. மருத்துவர் ஒரு நிமிடம் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குப்பியில் நாள், நேரம் எழுதி ஒட்டினார். நான்கு நாளில் அறிக்கை வந்தது. விஷத்தின் பெயர் அதில் இருந்தது. அளவும் இருந்தது, அன்று காலை பதினொரு மணிக்கு எவ்வளவு இருந்திருக்குமோ அவ்வளவு.

அந்த அம்மா அறிக்கையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். இரண்டு பக்கத்தையும், கடைசியில் இருந்த முத்திரையின் வாசகம் உட்பட, புருஷனின் காதருகே வாசித்தார். முடித்ததும், “எழுதியாச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. பாப்பா வந்துக்கிட்டிருக்கா. இனிமே ஏத்திக்கலாம்ல?” என்று கேட்டார். மருந்தக்கா பம்பின் மேலிருந்த துணியை எடுத்தார். எட்டு லிட்டர் போனது. இன்னும் அரை லிட்டர் கேட்டது, அதுவும் போனது. கைகால்களை நீவிவிட, மருந்து விரல் நுனிவரை இறங்கி நின்றது. பதினெட்டு நாளாக இருந்த செங்கல் சிவப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடிந்தது. மருந்தில் வழக்கமாகச் சில சொட்டு ரோஜா நிறம் சேர்ப்பது உண்டு, முகம் வெளிறித் தெரியாமல் இருக்க. மருந்தக்கா அந்தப் புட்டியை எடுத்தபோது அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம்க்கா. அவரு கறுப்பு. கறுப்பாவே இருக்கட்டும்.”

மகள் இருபத்துமூன்றாம் நாள் வந்தாள். ரயிலடியிலிருந்து நடந்தே வந்தாள். தோளில் பை, கப்பலில் போடும் கனமான பூட்ஸ். முன்னறையில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாள், உள்ளே போனாள். முகம் அவள் கடைசியாக விட்டுப்போன முகமாகவே இருந்தது. மீசையில் இருந்த இரண்டு நரைமுடிகூட. அவள் அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குளிர்ந்து, கெட்டியாக, இறந்தவரின் கையாக இருந்தது. வெகுநேரம் கழித்து அம்மாவிடம் சொன்னாள்.

“மூணு மாசமா ஃபோன் பண்ணும்போதெல்லாம் அதையேதான் கேட்டாரு. பாப்பா, பெரிய விசிறி நின்னா என்ன பாக்கணும், எந்த ஒயரை முதல்ல கழட்டணும்னு. வீட்ல எதுக்கு இவ்வளவு பெரிய விசிறின்னு நான் கேலி பண்ணேன். தானே சரி பண்ணிடலாம்னு இருந்திருக்காரும்மா. யாரையும் தொந்தரவு பண்ணாம.”

அந்த அம்மாவுக்கு இது தெரியாது. கொழுந்தனுக்கும் தெரியாது. இருபத்துமூன்று நாளில் அந்த அறையில் சொல்லப்பட்டவற்றில் இதுதான் தாங்க முடியாததாக இருந்தது என்று மருந்தக்கா பிற்பாடு சொன்னார். மூவரும் அன்று முழுக்க அவரோடு இருந்தார்கள். மகள் அவருக்கு மோட்டாரைப் பற்றிச் சொன்னாள். எந்த ஒயரை முதலில் கழற்ற வேண்டும், எதைக் கடைசியில் மாட்ட வேண்டும் என்று முழுவதையும் பொறுமையாகச் சொன்னாள். மறுநாள் காலை அடக்கம் செய்தார்கள். தொழிற்சாலையில் அன்று ஒரு ஆள்கூட வேலைக்குப் போகவில்லை.

நீதி கிடைத்ததா என்று கேட்கிறவர்களுக்கு: மேலாளர் வேறு ஊரில் வேறு தொழிற்சாலைக்கு மேலாளராக இருக்கிறார். கம்பெனி டாக்டர் ஆறு மாதம் எழுதக்கூடாது என்று தண்டிக்கப்பட்டு, ஏழாம் மாதம் எழுதத் தொடங்கினார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொரு தவணைக்கும் அந்த அம்மா போகிறார், இஸ்திரி போட்ட உடுப்பில், முன்வரிசையில். தொழிற்சாலை நான்கு மாதம் பூட்டிக் கிடந்து வேறு பெயரில் திறந்தது. விசிறி ஓடுகிறது. கொழுந்தன் தினமும் காலையில் உள்ளே போவதற்கு முன் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து அதன் கீழே விட்டு, அது மேலே இழுபட்டுப் போகிறதா என்று பார்க்கிறார். போகவில்லை என்றால் ஒருவரும் உள்ளே நுழைவதில்லை.

அடுத்த வருடம் நகராட்சி, பதப்படுத்துவதற்கான அனுமதிப் படிவத்தைப் புதிதாக அச்சடித்தபோது அதில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது: இறந்தவருக்குச் சம்மதமா? இதைச் சேர்க்கச் சொன்னவர் அந்தச் சுகாதார அதிகாரி. யாரும் சிரிக்கவில்லை, யாரும் மறுத்தும் பேசவில்லை. குடும்பத்தார் யாருக்காக என்று எழுதுகிறார்கள், மருந்தக்கா ஒரு லிட்டர் ஏற்றிப் பார்க்கிறார், கட்டத்தை நிரப்புகிறார்கள். பெரும்பாலானவர்கள் சம்மதிக்கிறார்கள், தூரத்துப் பிள்ளைக்காகக் காத்திருக்க எந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனத்தடை இருப்பதில்லை. கடந்த எட்டு வருடங்களில் சம்மதிக்காதவர்கள் பதினொரு பேர். அவர்களில் எட்டுப் பேர் வேலை செய்த இடத்தில் இறந்தவர்கள். ஒருவர் காவல் நிலையத்தில். மற்ற இரண்டு பேரும் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாத பெண்கள். இல்லை என்று நிரப்பிய படிவம் மருத்துவமனைக்குப் போனால், போலீஸ் கடிதம் எங்கே, ஆய்வாளர் கடிதம் எங்கே என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அரசு மருத்துவர் கைகழுவிவிட்டு, ஊசியையும் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு, பின்மதிலின் சிறிய கதவு வழியாக நடந்து வருகிறார்.